தேய்மான டெஸ்ட் பட்டியலை வைத்து இன்ஜின் ஆயில் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இணையத்தில் இப்படி ஒரு பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரிசையாக நிறைய இன்ஜின் ஆயில்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பிஎஸ்ஐ எண் (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு), முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை. ஆயில் பற்றிப் புதிதாகத் தேட வருபவர்கள் பெரும்பாலும் நேராக அந்தப் பட்டியலுக்குப் போய், மேலே இருக்கும் முதல் ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் அது தங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று பார்க்கிறார்கள். வரிசையே தலைகீழ். பட்டியலைத் திறப்பது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் செய்தால், பட்டியல் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

1. பட்டியலைத் திறக்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

வண்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். அதில் ஆயில் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கும்: கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் (0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி), அப்புறம் தரக்குறியீடு (அமெரிக்கத் தரமான ஏபிஐ எஸ்பி, ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3, அல்லது வண்டி தயாரிப்பாளரின் சொந்த எண்). இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பலர் கிரேடை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

கிரேடு மட்டும் ஏன் போதாது? ஏசிஇஏ ஏ5/பி5 தரத்திலும் 5டபிள்யூ-30 உண்டு, சி3 தரத்திலும் 5டபிள்யூ-30 உண்டு. 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நடப்பது போன்ற கடும் உரசல் வேகத்தில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அளக்கும் எண்ணுக்கு எச்டிஎச்எஸ் என்று பெயர். ஏ5/பி5-இல் அது 2.9-இலிருந்து 3.5 மில்லிபாஸ்கல்-செகண்டுக்குள் இருக்க வேண்டும். சி3-இல் குறைந்தது 3.5 இருக்க வேண்டும். டப்பாவின் முகப்பில் இரண்டும் ஒரே 5டபிள்யூ-30தான், ஆனால் பேரிங்கில் கிடைக்கும் ஆயில் படலத்தின் கனம் வேறு. சி3 கேட்கும் இன்ஜினுக்கு ஏ5/பி5 ஊற்றினால், எந்தப் பட்டியலில் அது முதலிடம் வாங்கியிருந்தாலும் அது தவறான ஆயில்.

அடுத்து, வண்டியின் அமைப்பு. டர்போவுடன் நேரடி பெட்ரோல் இன்ஜெக்ஷனா? டீசல் புகை வடிகட்டி இருக்கிறதா? ஆயிலிலேயே கிளட்ச் நனைந்து ஓடும் மோட்டார் சைக்கிளா? அப்படியானால் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற ஜப்பானியத் தரக்குறியீடு கட்டாயம், இல்லையென்றால் கிளட்ச் வழுக்கலாம். ரோலர் இல்லாத தட்டையான டேப்பெட் (வால்வைத் திறக்க கேம் தள்ளும் பாகம்) கொண்ட பழைய இன்ஜினா? கடைசியாக ஓட்டும் விதம்: தினமும் குறுகிய தூரமா, நெடுஞ்சாலையா, பாரம் இழுப்பதா. இவை கையில் இல்லாமல் பட்டியலைப் பார்த்தால் எண் பெரிதாக இருப்பது மட்டும்தான் கண்ணில் படும்.

2. எந்த மெஷினில் சோதித்தார்கள் என்று கண்டுபிடியுங்கள்

"தேய்மான டெஸ்ட்" என்பது ஒரே ஒரு டெஸ்ட் கிடையாது. மேசை மேல் வைத்துச் செய்யும் சிறிய மெஷின்களில் அதிகம் தென்படுவது நாலு பால் (உருண்டை) டெஸ்ட், அதாவது ஏஎஸ்டிஎம் டி4172 என்ற எண்ணுள்ள அமெரிக்கச் சோதனைத் தரநூல் சொல்லும் டெஸ்ட். 12.7 மி.மீ. விட்டமுள்ள மூன்று இரும்பு பால்களை ஆயிலில் மூழ்க வைத்து இறுக்கிப் பிடித்து, நாலாவது பாலை அவற்றின் மேல் அழுத்தி, நிமிடத்துக்கு 1200 சுற்று வேகத்தில், 75 டிகிரி சூட்டில், ஒரு மணி நேரம் சுற்றுவார்கள். கீழே உள்ள பால்களில் விழும் வட்டமான தழும்பின் விட்டத்தை மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். தழும்பு சிறிதென்றால் நல்லது.

இன்னொன்று, சுற்றும் வளையத்தின் மேல் ஒரு உருளையை நெம்புகோலால் அழுத்தும் மெஷின். காணொளிகளில் ஆயில் விற்பவர்கள் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். சூடு கட்டுப்படுத்தப்படுவதில்லை, அழுத்துபவரின் கையைப் பொறுத்து முடிவு மாறும். தரவரிசை போடும் வேலைக்கு இது ஆகாது.

பட்டியல் போட்டவர் மெஷின், பாரம், சூடு, வேகம், நேரம் ஆகிய ஐந்தையும் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். "என் சொந்த முறை, விவரம் வெளியிட முடியாது" என்றால் அங்கேயே மூடிவிடலாம். வேறொருவர் அதே டெஸ்டைத் திரும்பச் செய்து சரிபார்க்க வழி இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

3. எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் புதியவர்களை மொத்தமாகக் கவிழ்ப்பது இந்தக் கட்டம்தான்.

பிஎஸ்ஐ கணக்கில் எண் தரும் பட்டியல்கள், தேய்ந்த தழும்பை அளந்து, கொடுத்த பாரத்தை அந்தத் தழும்பின் பரப்பளவால் வகுத்துச் சொல்கின்றன. ஒரு ஆயிலில் தழும்பின் விட்டம் 0.40 மி.மீ., இன்னொன்றில் 0.44 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் வித்தியாசம் 10 சதவீதம். ஆனால் பரப்பளவு விட்டத்தின் வர்க்கம் என்பதால் அது 21 சதவீதம் கூடிவிடும். முதல் ஆயிலுக்கு 1,00,000 பிஎஸ்ஐ என்றால் இரண்டாவதுக்குச் சுமார் 82,600. மைக்ராஸ்கோப்பில் 0.04 மி.மீ. வித்தியாசமாக இருந்தது, பட்டியலுக்கு வரும்போது பதினேழாயிரம் பிஎஸ்ஐ இடைவெளியாகிவிட்டது. பார்க்கிறவருக்கு ஒரு ஆயில் இன்னொன்றை நசுக்கிவிட்ட மாதிரி தெரியும்.

சரி, அந்த 0.04 மி.மீ. உண்மையான வித்தியாசமா? டி4172 தரநூலே இதற்குப் பதில் தருகிறது. ஒரே ஆள், ஒரே மெஷினில், ஒரே ஆயிலை இரண்டு முறை சோதித்தால் தழும்பு 0.12 மி.மீ. வரை மாறி வரலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. வேறு ஆய்வகத்தில் வேறு ஆள் செய்தால் 0.28 மி.மீ. வரை. ஆக, நம் உதாரணத்தில் உள்ள வித்தியாசம், அதே ஆயிலை மறுபடி சோதித்தாலே வரக்கூடிய ஏற்ற இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு ஆயிலும் அந்த டெஸ்டின் கண்ணுக்கு ஒன்றே.

இதை உங்கள் கையில் உள்ள பட்டியலில் செய்து பாருங்கள். தழும்பின் விட்டம் கொடுத்திருந்தால் அதை நேரடியாக எடுங்கள். பிஎஸ்ஐ மட்டும் இருந்தால், இரண்டு எண்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் விட்டங்களின் விகிதம் கிடைக்கும். நாலு பால் பட்டியல் என்றால் முதல் ஆயிலிலிருந்து 0.12 மி.மீ.க்குள் எத்தனை ஆயில்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். பட்டியலில் பெரும்பகுதி ஒரே கூட்டத்துக்குள் அடங்கிவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். வேறு மெஷின் என்றால் அந்த மெஷினின் மறுசோதனை வித்தியாசத்தை, பட்டியல் போட்டவர்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் அடுத்தடுத்த இடங்களுக்கு இடையே வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடைசி இலக்கம் வரை எழுதப்பட்ட எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கால்குலேட்டர் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் தரும், அளவீட்டில் இல்லாத துல்லியத்தை அது தர முடியாது.

4. அந்த டெஸ்ட் இன்ஜினின் எந்த இடத்தைப் போலிருக்கிறது?

கிராங்க் பேரிங்கில், இன்ஜின் ஓடும்போது, உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. இடையில் ஆயில் படலம் தாங்கி நிற்கிறது. அங்கே காப்பாற்றுவது பாகுத்தன்மை, அதாவது முதல் படியில் பார்த்த எச்டிஎச்எஸ். நாலு பால் டெஸ்ட் இதைப் பற்றி உங்களுக்கு எதுவும் சொல்லாது.

கேம்–டேப்பெட், பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் உள்ள முதல் ரிங், டைமிங் செயின் ஆகிய இடங்களில்தான் படலம் மெலிந்து உலோகங்கள் உரசும். அங்கே வேலை செய்வது தேய்மானத் தடுப்புச் சேர்மானங்கள், முக்கியமாக இசட்டிடிபி எனப்படும் துத்தநாகம்–பாஸ்பரஸ் சேர்மம். சூடும் உரசலும் சேரும்போது அது உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற மிக மெல்லிய பாஸ்பேட் படலத்தை உண்டாக்கும். தேய்வது அந்தப் படலம், இரும்பு அல்ல. பட்டியல்கள் இதைத்தான் ஓரளவு அளக்கின்றன. ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம், பால் டெஸ்டில் கீழ்ப் பால்கள் அசையாமல் ஒரே புள்ளியில் ஒரு மணி நேரம் உரசுகின்றன. கேம் அப்படி உரசுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பாரம் ஏறி இறங்குகிறது, பல இன்ஜின்களில் டேப்பெட் தானும் மெல்லச் சுழல்கிறது, புது ஆயில் வந்து நனைத்துக்கொண்டே இருக்கிறது.

அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. மெஷினில் ஊற்றுவது டப்பாவிலிருந்து நேராக வந்த சுத்தமான ஆயில். உங்கள் இன்ஜினில் இருப்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, கரி, பெட்ரோல், நீராவி, அமிலம் எல்லாம் கலந்த ஆயில். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் டைமிங் செயின் தேய்வதில் கரிக்குப் பெரிய பங்கு உண்டு. குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் அமில அரிப்பாலும் தேய்மானம் நடக்கிறது. இவற்றைச் சமாளிப்பது ஆயிலில் உள்ள கால்சியம், மக்னீசியம் வகைச் சுத்திகரிப்புச் சேர்மானங்கள். இவையும் உலோகப் பரப்பில் ஒட்ட இசட்டிடிபியோடு போட்டி போடுகின்றன. அதனால் இன்ஜினைச் சுத்தமாக வைத்திருக்கும் ஒரு நல்ல ஆயில், மேசை மெஷினில் கொஞ்சம் குறைவான மதிப்பெண் வாங்க வாய்ப்பு உண்டு. ஆயில் மாற்றும் நாளுக்கு முந்தைய நாள் அந்த ஆயில் என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கேள்வி. பட்டியல் சொல்வது முதல் மணி நேரத்தைப் பற்றி மட்டும்.

5. தப்பான ஆட்கள் ஜெயிக்கிறார்களா என்று பாருங்கள்

இது சின்னச் சோதனை, ஆனால் நிறைய நேரம் மிச்சப்படுத்தும். கியர் பாக்ஸுக்கான ஜிஎல்-5 ஆயிலில் கந்தகம்–பாஸ்பரஸ் சேர்மானங்கள் நிறைய இருக்கும், கடும் அழுத்த டெஸ்டுகளில் அது பிரமாதமாகத் தாங்கும். அதற்காக யாரும் அதை இன்ஜினில் ஊற்றுவதில்லை. எரிப்பால் வரும் அமிலத்தையும் கரியையும் சமாளிக்க அதில் ஏற்பாடு கிடையாது. குளோரின் கலந்த சேர்மங்களும் நெம்புகோல் மெஷினில் அசத்தும். ஆனால் இன்ஜின் சூட்டிலும் ஈரத்திலும் அவை அமிலமாகிப் பேரிங்கில் உள்ள செம்பையும் ஈயத்தையும் அரிக்கக்கூடும்.

ஆகவே, ஏதாவது "அற்புத" சேர்மானப் பாட்டிலைக் கலந்ததும் எண் எகிறிவிட்டது என்று ஒரு பட்டியல் காட்டினால், அந்த டெஸ்ட் இன்ஜினுக்கு எது நல்லது என்பதை அளக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். நல்ல ஆயிலில் வெளியிலிருந்து எதையும் கலக்காதீர்கள். சேர்மானங்கள் ஒன்றோடொன்று சமன்செய்து போடப்பட்டவை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றின் வேலை கெடும்.

6. எத்தனை டப்பா, எந்த வருஷம்?

ஒரு டப்பா வாங்கி ஒரு முறை சோதித்து ஒரு எண் போட்டிருந்தால் அது ஒரு டப்பாவின் எண். குறைந்தது மூன்று முறையாவது ஓட்டி, சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் சொன்னால்தான் ஒப்பிட முடியும்.

தேதியையும் பாருங்கள். ஏபிஐ எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்என் பிளஸ் 2018-இல், எஸ்பி 2020-இல், எஸ்க்யூ 2025-இல். சின்ன டர்போ இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறைக் கட்டுப்படுத்த, எஸ்என் பிளஸ் காலத்திலிருந்து பல ஆயில்களில் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்தார்கள். லேபிளில் பெயர் அதேதான், உள்ளே இருக்கும் கலவை வேறு. எஸ்என் காலத்தில் சோதித்த ஒரு எண்ணை இன்றைய டப்பாவுக்குப் பொருத்திப் பேசுவதில் அர்த்தமில்லை. ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கலவை விற்பதும் உண்டு.

7. உண்மையான இன்ஜின் டெஸ்டுகளைப் படியுங்கள்

மேசை மெஷினில் இல்லாததெல்லாம் இங்கே இருக்கிறது. டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று போட, ஆயில் உண்மையான இன்ஜின்களில் ஓடித் தேற வேண்டும். சீக்வென்ஸ் ஐவிபி டெஸ்டில் டொயோட்டாவின் 1.5 லிட்டர் இன்ஜினை 200 மணி நேரம் ஓட்டி, டேப்பெட்டில் எவ்வளவு உலோகம் போயிருக்கிறது, ஆயிலில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். சீக்வென்ஸ் எக்ஸ் டெஸ்டில் ஃபோர்டின் 2.0 லிட்டர் டர்போ இன்ஜினில் டைமிங் செயின் எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கிறார்கள். எஸ்பி வாங்க அது 0.085 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கரியும் பெட்ரோலும் கலந்து, சூடாகிக் குளிர்ந்து, நிஜ பாகங்களில் நடப்பது இது.

லேபிளைப் படிக்கும்போது சொற்களைக் கவனியுங்கள். எம்பி (மெர்சிடிஸ்-பென்ஸ்) 229.52, விடபிள்யூ (ஃபோக்ஸ்வேகன்) 504 00/507 00 மாதிரி எண்களுக்கு முன்னால் "அங்கீகரிக்கப்பட்டது" என்று இருந்தால், வண்டி தயாரிப்பாளர் அந்த ஆயிலைச் சரிபார்த்துத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறார் என்று பொருள். "பொருந்தும்", "பரிந்துரைக்கப்படுகிறது", "தேவையைப் பூர்த்தி செய்யும்" என்றால் அது ஆயில் விற்பவரின் சொந்தக் கூற்று. பொய் என்று சொல்லவில்லை, ஆனால் சரிபார்த்தவர் வேறு யாரும் இல்லை. ஏசிஇஏ குறியீடும் விற்பவர் தன் பொறுப்பில் போட்டுக்கொள்வதே. தயாரிப்பாளர்கள் அங்கீகரித்த ஆயில்களின் பட்டியலும் ஏபிஐ உரிமப் பட்டியலும் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. டப்பாவை நம்புவதற்குப் பதில் அங்கே பெயரைத் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

பாஸ்பரஸ் அளவைத் துரத்துவதும் பரவலான தவறு. எஸ்பி தரத்தில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற கிரேடுகளுக்குப் பாஸ்பரஸ் 600-இலிருந்து 800 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) இருக்க வேண்டும். மேல் வரம்பு வைத்தது புகைபோக்கியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுப்பதால். ரோலர் கேம் உள்ள இன்றைய இன்ஜினுக்கு இதற்கு மேல் தேவையும் இல்லை. தட்டையான டேப்பெட் உள்ள பழைய இன்ஜினுக்கு மட்டும் கதை வேறு. அதற்கென்று கூடுதல் இசட்டிடிபியோடு செய்த ஆயில்களைத் தேடி வாங்குங்கள்.

8. இப்போது பட்டியலைத் திறக்கலாம்

கிரேடு, தரம், அங்கீகாரம் மூன்றிலும் தேறிய இரண்டு மூன்று ஆயில்கள் கையில் இருக்கும். அவற்றை மட்டும் பட்டியலில் தேடுங்கள், மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம். மூன்றாவது படியில் செய்த கணக்கைப் போடுங்கள். வித்தியாசம் மறுசோதனை வித்தியாசத்துக்குள் இருந்தால் பட்டியலின் வேலை முடிந்தது. சுலபமாகவும் தொடர்ந்தும் கிடைக்கிற ஆயிலை வாங்குங்கள். ஒன்று மட்டும் தெளிவாக, பல முறை சோதித்தும், மிகக் கீழே கிடந்தால் அதை ஒதுக்கிவிடலாம். முதலிடத்தைப் பிடிப்பதற்கு இல்லாத மதிப்பு, கடைசியில் தனியாக விழுந்து கிடப்பதற்குக் கொஞ்சம் உண்டு.

9. உங்கள் இன்ஜினிலேயே சரிபாருங்கள்

ஆயில் மாற்றும்போது ஒரு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எடுக்கும் முறை முக்கியம்: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆயிலை வடிக்கும்போது முதலில் கொட்டுவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். முதலில் வருவதில் அடியில் தங்கிய கசடு இருக்கும்.

அறிக்கையில் இரும்பு அளவை, ஓடிய கிலோமீட்டரால் வகுத்து, 1000 கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். 12,000 ஓடிய ஆயிலையும் 5,000 ஓடிய ஆயிலையும் நேராக ஒப்பிட்டு "இந்த ஆயில் மோசம்" என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். சிலிக்கான் கூடியிருந்தால் முதலில் ஏர் ஃபில்டரையும் அதன் குழாய்களையும் பாருங்கள், உள்ளே போகும் தூசியை எந்த ஆயிலும் சமாளிக்காது. சோடியமோ பொட்டாசியமோ திடீரென்று ஏறியிருந்தால் கூலன்ட் கசிகிறதா என்று சோதியுங்கள். பெட்ரோல் கலப்பு அதிகமென்றால் ஆயில் மெலிந்திருக்கும், இரும்பும் கூடலாம். அப்போது செய்ய வேண்டியது ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைப்பது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படுத்தும் நிறமாலைக் கருவி, சுமார் 5 முதல் 8 மைக்ரான் வரையிலான நுண் துகள்களைத்தான் நன்றாகப் பார்க்கும். பெரிய உலோகத் துணுக்கு விழுந்தால் அது அறிக்கையில் வராது. பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள்; மினுமினுக்கும் துணுக்குகள் இருந்தால் அறிக்கை என்ன சொன்னாலும் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

ஒரே ஆயிலை விடாமல் ஊற்றி மூன்று மாதிரியாவது எடுத்த பிறகே வேறு ஆயிலுக்கு மாறி ஒப்பிடுங்கள். மாறிய பிறகு வரும் முதல் அறிக்கையைத் தனியாகக் குறித்து வையுங்கள், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இன்ஜினில் மிஞ்சிய பழைய ஆயிலும் அதில் கலந்திருக்கும்.